மேல் மீட்டர், கீழ் மீட்டர்

ஒரு நாளைக்கு இருநூறு வீட்டு மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறவள், தன் வீட்டு மீட்டரை ஆறு வருஷமாக எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்! அவள் தெருவுக்கு வேறொரு ஆள் வந்து எழுதிக்கொண்டு போவார். பில் வரும். வருகிற பில் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை பிடிபடாது.

"மீட்டர் தெரிஞ்சவ குடும்பம் நடத்தினா இப்படித்தான் வரும்" என்பாள். தெருவில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இலவச வகுப்பு வேறு.

அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் கவுண்டர் அவரை விடவில்லை. யார் வந்து கதவைத் தட்டினாலும் ஜன்னலைப் பாதி திறந்து, அந்த இடுக்கு வழியாகத்தான் பேசுவார். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் பின்னால் வரிசை நின்றுவிடும் என்று நினைப்போ என்னவோ. பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் ஒரே ஒரு குட்டி பல்பு எரியும். வெயில் காலத்தில் வாசற்படியில் உட்கார்ந்து மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார். மாடியில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் அவருக்கு ஜீரோ வாட்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். காசை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகப்போகிறவர் என்று சிரிப்பார்கள்.

அந்த ஜீரோ வாட்ஸ்தான் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து அவள் புருஷனைக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசத்திலேருந்து வாடகை அஞ்சுல ஒரு பங்கு கூட. முடியலன்னா ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுங்க."

"என்ன சார், திடீர்னு?"

"கட்டுப்படி ஆகல. கரண்ட் பில்லே ஆளை முழுங்குது." ஜன்னல் சாத்திக்கொண்டது.

எலி வளையானாலும் தனி வளை என்று சந்தோஷமாக இருந்த குடும்பம், அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய சங்கடம் வாடகை மட்டும் இல்லை. அவன் ரொட்டி சுடும் இடத்தில் மாவு பிசைகிறவன். விடிவதற்கு வெகு முன்னால் வேலை தொடங்கும். இங்கிருந்து பத்து நிமிஷ நடை. அவர்கள் சக்திக்கு ஏற்ற வாடகை வீடெல்லாம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் கிடைக்கும். முதல் பஸ்ஸே ஐந்து மணிக்குத்தான். மாவு பிசைகிறவன் ஆறு மணிக்கு வந்தால் ரொட்டி ஒன்பது மணிக்கு வெந்து வரும். ஒன்பது மணிக்கு அதை வாங்க யார் நிற்பார்கள்? வீடு போனால் வேலையும் போகும். அது இருவருக்கும் தெரிந்திருந்தது, அதனால் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வாடகையைக் குறைக்க வழி கேட்டால் ரொட்டிக்கடையில் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அவனும் ஒன்று விடாமல் முயன்றான். இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கிறேன் என்றான். மூன்று மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்றான். சுவருக்கு நானே வெள்ளை அடித்துத் தருகிறேன், தண்ணீர்த் தொட்டியை நானே கழுவுகிறேன், எங்களிடம் வண்டியே கிடையாது, வண்டி நிறுத்துகிற இடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொள்ளுங்கள் என்றான். எல்லாவற்றுக்கும் ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தான் அவன்.

அவளுக்கு மண்டைக்குள் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. கரண்ட் பில் ஆளை முழுங்குகிறதாமே! எந்தக் கரண்ட்? ஒரு குட்டி பல்பு, ஒரு பழைய ரேடியோ. பொய் சொல்வதற்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா? ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர் மாதிரியும் தெரியவில்லை. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பை கொட்டப் போகிற சாக்கில் மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர்ப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு மீட்டர். ஒன்றின் கீழே பெயின்டில் 'மேல்' என்று எழுதியிருந்தது. மற்றதன் கீழே 'கீழ்'. கீழ் மீட்டரில் ஓடியிருந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் கண் அகன்றது. ஒரு பல்பும் ஒரு ரேடியோவும் நூறு வருஷம் எரிந்தாலும் அந்த எண் வராது.

அப்படியென்றால் உள்ளே என்ன ஓடுகிறது?

அன்று முழுக்க அவள் மனசு கீழ்வீட்டிலேயேதான் இருந்தது. ஐஸ்கட்டி செய்து விற்கிறாரோ? முட்டைக்குச் சூடு காட்டிக் குஞ்சு பொரிக்கிறாரோ? அப்படி இருந்தால் குஞ்சு கத்துகிற சத்தமாவது கேட்க வேண்டுமே! புருஷனிடம் சொன்னபோது அவன் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மலர்ந்தது.

"வீட்டு இணைப்புல தொழில் நடத்தக் கூடாதுல்ல?"

"கூடாது. அதுக்கு ரேட்டே வேற. பிடிச்சா அபராதம்."

"அப்போ கையும் களவுமா பிடி. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்? நீ வாயைத் திறக்காம இருக்கணும்னா வாடகையைக் குறைக்கட்டும்."

இது நியாயமான பேச்சு இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்போதைக்கு நியாயத்தைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது. அந்த வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது.

மறுநாள் மாலை மீட்டர்ப் பெட்டியின் முன்னால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. மின்சாரம் ஓட ஓட அது மினுக்கும். மெல்ல ஓடினால் மெல்ல, அதிகம் ஓடினால் படபடவென்று. பல வருஷம் பார்த்தவர்களுக்கு அந்த மினுக்கலே போதும், உள்ளே ஓடுவது என்ன என்று சொல்லிவிடுவார்கள். கீழ் மீட்டர் நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ், என்றது அவள் மனசு. ஒரு ஃபேன். திடீரென்று புள்ளி வெறிபிடித்த மாதிரி துடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி துடித்தது, மறுபடி அடங்கியது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இப்படிச் சூடேறி, நின்று, மறுபடி சூடேறுவது இஸ்திரிப்பெட்டிதான். சந்தேகமே இல்லை. கசங்கின சட்டையைத் தவிர வேறு எதையும் போட்டு அவள் பார்த்திராத அந்த மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு ஊர்த் துணியெல்லாம் தேய்த்துக் கொடுக்கிறார்!

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

"என்னங்க! கண்டுபிடிச்சுட்டேன்! கீழே ரகசியமா இஸ்திரி போடறார்!"

"அப்படியா!" என்று சந்தோஷமாகத் திரும்பினான் அவன். மேஜைமேல் அவனுடைய வெள்ளைச் சட்டை விரித்திருந்தது. அவன் கையில் இஸ்திரிப்பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"அதை ஆஃப் பண்ணுங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணுங்க. மெயினையே ஆஃப் பண்ணிடுங்க."

கீழே இறங்கி வந்து பார்த்தாள். கீழ் மீட்டர் செத்துக் கிடந்தது. மேல் மீட்டரை உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு மினுக்கல். மறுபடியும் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. ஒரு குட்டி பல்பும் ஒரு ரேடியோவும். அவ்வளவுதான் அந்த மனிதர்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அவர்கள் குடிவந்த மாதம்தான் மின்வாரிய ஆட்கள் பழைய மீட்டர்களை எடுத்துவிட்டுப் புதிது மாட்டினார்கள். மாட்டினவர்கள் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு வருஷமாக அவளுடைய ஃப்ரிட்ஜுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் கீழே இருக்கிறவர் பணம் கட்டியிருக்கிறார். அவருடைய குட்டி பல்புக்கு இவள் கட்டிவிட்டு, மீட்டர் தெரிந்தவள் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றான் புருஷன் உடனே. "நம்ம என்ன வேணும்னா பண்ணினோம்?"

"அதான் இப்போ தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சது நமக்கு மட்டும்தானே? நீ போய்ச் சொல்லு, ஆறு வருஷத்து பாக்கியையும் எடுத்து வை, வீட்டையும் காலி பண்ணுன்னு சொல்வார். நம்மால ஆகுமா? கேட்ட வாடகையை எப்படியாவது கடன உடன வாங்கிக் கொடுத்துட்டு இருந்துடலாம்."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசற்படியும் மடித்த செய்தித்தாளும் கண்ணைவிட்டுப் போக மறுத்தன. அந்த மனிதரைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மீட்டரைப் பார்க்கத் தெரிந்தவள் தெருவிலேயே இவள் ஒருத்திதான். இவள் சொல்லாவிட்டால் அவருக்கு யார் சொல்வார்கள்?

மறுநாள் காலை ஜன்னலைத் தட்டினாள். பாதி திறந்தது.

"வாடகை விஷயம்னா பார்க்கலாம்" என்றார்.

"வாடகை இல்ல சார். உங்க கரண்ட் பில் விஷயம். அது உங்க பில் இல்ல, எங்களோடது. வயர் மாறியிருக்கு. ஆறு வருஷமா நீங்க எங்களுக்குக் கட்டியிருக்கீங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவோம் என்று பயம். அவர் ஜன்னலைச் சாத்தினார். முடிந்தது கதை, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தபோது கதவின் தாழ்ப்பாள் விலகியது. ஆறு வருஷத்தில் அந்தக் கதவு அவளுக்காகத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள வாங்கம்மா. விவரமா சொல்லுங்க."

உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ரேடியோ. சமையலறை மூலையில் ஃப்ரிட்ஜ் இருந்த இடம் மட்டும் தரையில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து, மாத வரிசைப்படி அடுக்கியிருந்த பில்களை எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆறு வருஷமாக விடை தெரியாத கணக்குக்கு விடை கிடைக்கப்போகிற ஆர்வம்தான் இருந்தது.

"இது போன வருஷம் கோடை. இந்த ஒரு மாசம் மட்டும் பில் பாதிக்கும் கீழ வந்துச்சு. அந்த மாசம்தான் நான் ஃபேனைக் கழட்டிப் பரண்ல போட்டேன். சரி, ஃபேன்தான் தின்னுருக்குன்னு நினைச்சேன்."

அவள் தேதியைப் பார்த்தாள். "அந்த மாசம் நாங்க என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம் சார். மூணு வாரம்."

"ஓ." பில்லைத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த மாசமே மறுபடி ஏறிடுச்சு. ஃப்ரிட்ஜா இருக்கும்னு வித்துட்டேன். அப்பவும் குறையல. மகன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துட்டு வந்தேன், வீடே பூட்டிக் கிடந்துச்சு, அப்பவும் குறையல. எனக்குத்தான் ஏதோ புத்தி கெட்டுப் போச்சு, எதையோ அணைக்க மறந்துட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே சார். மேல நான்தானே இருந்தேன்."

"கேட்கலாம்னுதான் நினைச்சேன். உங்க பில் எப்பவும் சின்னதா வருதுன்னு தெருவே பேசிக்கும். நமக்கு வீடு நடத்தத் தெரியலன்னு நாமளே போய்ச் சொல்லிக்கணுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, வித்தியாசப் பணத்தை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். இன்றைக்கே அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து வயரை மாற்றிவிடலாம் என்றாள். வீட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

அவரே சொன்னார். "கொடுங்க, மெதுவா கொடுங்க. வாடகை பழைய வாடகையே இருக்கட்டும். இந்த பில்லுக்காகத்தானே கூட்டச் சொன்னேன்? பில்லே என்னோடது இல்லன்னா, கூட்டறதுக்கு என்ன இருக்கு?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த கோடை மாதத்து பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டிக்கெட் விலை தெரியாத பயணி கேட்கிற மாதிரித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. ஒரு ஃபேன், ராத்திரி படுத்து காலைல எழுந்திருக்கிற வரைக்கும் ஓடிச்சுன்னா, எவ்வளவு ஆகும்?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"ஒரு டீ விலைகூட வராது சார்."

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.