மோதிரம் கொண்டுபோன கிளி

நகை ஏதாவது கழற்ற இருக்கிறதா என்று மலர்ச்சாலைப் பெண் கேட்டதும், யோகா சவப்பெட்டிக்குள் குனிந்து கணவரின் கையைத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினாள். மோதிர விரல் வெறுமையாக இருந்தது.

“நோ ஜுவல்லரி,” என்றாள் மகள் மயூரா. பிறகு தாயின் காதுக்குள், “விடுங்கோ அம்மா, அப்பான்ர கை,” என்றாள்.

விக்னராஜாவின் கல்யாண மோதிரத்தைக் கிளி கொண்டுபோய்விட்டது. அப்படித்தான் அவர் சொன்னார். மூன்று வருடங்களுக்கு முன் பட்மின்டன் கூட்டாளிகளோடு நியூசிலாந்து மலைகளைப் பார்க்கப் போனவர், வெறும் விரலோடு நார்த்மீட் வீட்டு வாசலில் வந்து நின்று, சூட்கேஸைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. பனிமலையில் கிளியாம். கார்க் கண்ணாடி ரப்பரைக் கடித்து இழுக்குமாம். கொய்யாப்பழம் தின்கிற கிளிக்குப் பனியில் என்ன வேலை?

சோடியாகச் செய்த மோதிரம். மற்றது யோகாவின் விரலில் இருந்தது. ஆனாலும் அவள் ஆத்திரப்பட்டது மோதிரத்துக்காக அல்ல. எங்காவது குளியலறையில் கழற்றி வைத்து மறந்திருப்பார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாலர் வகுப்புக் கதை சொல்லித் தன்னை ஏய்க்கலாம் என்று நினைத்தாரே என்பதுதான் பொறுக்கவில்லை. அன்று முதல் பின் விறாந்தைக்கு வந்த வண்ணக் கிளிகளையெல்லாம் தும்புத்தடியோடு துரத்தினாள். அவள் இல்லாத நேரம் பார்த்து அவர் அவற்றுக்கு அப்பிள் துண்டு வைத்தார். வீட்டில் இருந்தது இரண்டு பேர், இரண்டு கட்சி.

யாரிடமும் அவள் விசாரிக்கவில்லை. விசாரித்தால் புருஷனை நம்பாதவள் என்று பெயர் வரும். கேட்டாலும் கூட்டாளிகள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இப்போது பெட்டியருகே பூவோடு வந்தவர் மகேந்திரராஜா. அந்தப் பயணத்தில் கார் ஓட்டியவர் அவர்தான்.

“மகேந்திரண்ணை,” என்றாள் யோகா. “இனி நீங்கள் இவரைக் காப்பாத்தத் தேவையில்லை. அந்தக் கிளிக் கதை உண்மையோ?”

அவர் பூவைப் போடாமல் நின்றுவிட்டார். “ஓம் தங்கச்சி. ஏன், நீங்கள் நம்பேல்லையோ?”

“என்ன நிறம்?”

“பாசி நிறம். செட்டையை விரிச்சால் உள்ளுக்குத் தோடம்பழ நிறம், ஒரேஞ்ச். பெரிய கிளி. மனிசரைக் கண்டு ஓடாது. தலையைச் சரிச்சுச் சரிச்சு, என்ன செய்யினம் எண்டு எங்களை விடுப்புப் பாக்கும்.”

“இவர் ஏன் கழட்டினவர்?”

“குளிரில விரல் சுருங்கி மோதிரம் வழுகி வழுகிப் போச்சுது. துலைஞ்சிடும், பத்திரமா வைப்பம் எண்டுதான் கழட்டினவன். ஜக்கெட் சிப்பைத் திறக்கிறதுக்கு ஒருக்காக் கார் பொனெட்டில வைச்சான். அவ்வளவுதான்.”

“அது தின்னுமோ?”

“சீ, அதுக்கு விளையாட்டுச் சாமான். கொஞ்ச நேரம் உருட்டிப்போட்டு எங்கையாவது விட்டுடும்.”

“எங்க விட்டது?”

மயூரா சேலைத் தலைப்பை இழுத்தாள். “அம்மா, ஆக்கள் பாக்கினம்.” ஐயரும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். யோகா திரும்பவில்லை.

“அது ஆருக்குத் தெரியும்?” மகேந்திரராஜாவின் குரல் இறங்கியது. “சரிவால இறங்கிக் கல்லுக் கல்லாப் பிரட்டித் தேடினவன், இருட்டும் மட்டும். பனி கொட்டத் தொடங்க நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தது. முழங்காலெல்லாம் ரத்தம்.”

அந்த முழங்காலை யோகாவுக்குத் தெரியும். வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். டெற்றோல் போட்டுத் துடைத்தவளே அவள்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடைத்தாள்.

“காருக்குள்ள இருந்து அழுதவன், தங்கச்சி. யோகாவுக்கு என்னெண்டு சொல்லப்போறன் எண்டு. பிறகு தானே சொன்னான், சிரிச்சுக்கொண்டு சொன்னால் அவவும் சிரிப்பா எண்டு.”

யோகா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் கதைக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை. சிரித்திருக்கலாம். ஐயர் மணியை அடித்தார். பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து தலை முழுகிய பிறகு, ஈரக் கூந்தலோடு பின் விறாந்தைக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சொந்தக்காரர்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தும்புத்தடி எட்டும் தூரத்தில் சாத்தியிருந்தது.

நீலத் தலைக் கிளி ஒன்று வந்து கம்பியில் இறங்கியது. வழக்கமாக அப்பிள் இருக்கும் இடத்தைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. பக்கவாட்டில் அடி எடுத்து வைத்துக் கிட்ட வந்து, தலையைச் சரித்து, அவள் விரலிலிருந்த மோதிரத்தை விடுப்புப் பார்த்தது.

“அம்மா, தேத்தண்ணி ஆறுது,” என்று மயூரா கூப்பிட்டாள்.

“வாறன்,” என்றாள் யோகா. கையை எடுக்கவில்லை.