கடைசிக்கு வைத்த வீடு

ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக ஏறி இறங்கிப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது கண்டிப் பக்கத்து மடவளையில் வழக்கம். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் தப்பு நடந்திருந்தா பொருந்திக்கோங்கோ" என்று வாசலில் நின்று கேட்பார்கள். வீட்டுக்காரரும் "பொருந்திக்கிட்டோம், எங்களுக்கும் துஆ செய்ங்கோ" என்று சொல்லி, ஒரு பிளேன்டீயைக் கொடுத்து அனுப்புவார். மனிதரின் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு அல்லாஹ்வின் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம் அது. புடவைக்கடை பாரூக் அந்த நல்ல வழக்கத்துக்குப் பின்னால்தான் வருஷக்கணக்கில் ஒளிந்துகொண்டிருந்தார்.

ஹஜ்ஜுக்குப் போக அவருடைய முறை வந்ததும் முதலில் யாரிடம் போனார் தெரியுமா? முடிவெட்டும் ஜவ்பரிடம். மாதம் ஒருமுறை தலையைக் கொடுத்ததைத் தவிர ஜவ்பருக்கு இவர் ஒரு தீங்கும் செய்ததில்லை. ஜவ்பரே சிரித்துவிட்டான்.

"நானெல்லோ உங்கட்ட மாப்புக் கேக்கணும் பாரூக் நானா, எத்தின தரம் காத வெட்டிப்போட்டேன்!"

பிறகு பேக்கரி, மருந்துக்கடை, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எங்கே போனாலும் இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. ஒரு பாவமும் செய்யாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு இலகு! போகிற இடமெல்லாம் தேத்தண்ணீர் குடித்து வயிறு உப்பி, பொழுதுபட வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தார். மனைவி ஆஸியா சாய்ந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் சுத்தி வந்தீங்க. அம்பிட்டியக்கி எப்ப போற?"

"போவோம், போவோம். அத கடேசிக்கி வெச்சீக்கேன். ஆற அமரப் போகவேண்டிய வீடு அது."

"எட்டு வருஷமா ஆறுது. இன்னம் எத்தின நாளக்கி ஆறப்போடப் போறீங்க?"

பாரூக் எழுந்தார். சட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல உள்ளே போய்விட்டார்.

அம்பிட்டியவில் இருப்பது கைரியா, பாரூக்குடன் கூடப்பிறந்த ஒரே தாத்தா. இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். வெளியூர்க்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளின் சின்ன வயதிலேயே வாப்பா மௌத்தாகிவிட, விதவையான உம்மா தையல் மெஷினோடு மல்லுக்கட்டிய காலத்தில், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் கைரியா. அவன் குர்ஆன் ஓதப் போகமாட்டேன் என்று தரையில் விழுந்து புரண்டால், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து "சரி, ரெண்டு பேரும் அழுவோம்" என்பாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமாகி அம்பிட்டியவுக்குப் போன பிறகும், உம்மா பாரிசவாதத்தில் விழுந்தபோது, "ஆஸியாவுக்குச் சின்னப் புள்ளைகள் ஈக்கி, நான் பாத்துக்கிறேன்" என்று உம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

நாலு வருஷம் பார்த்தாள். சும்மா இல்லை, படுக்கையோடு கிடந்த மனுஷியை நாலு வருஷம். பாரூக் மாதத்துக்கு ஒரு தடவை பழப் பையோடு போவார், உம்மாவின் நெற்றியைத் தடவுவார், கடை பூட்டிக் கிடக்கிறது என்பார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒருநாள் இரவு உம்மாவுக்குக் காய்ச்சல். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று கைரியா நினைத்தாள். விடியுமுன்னே உம்மா போய்விட்டார்.

பாரூக் ஆஸியாவோடு வந்து சேர்ந்தார். உம்மாவின் மையித்து கிடந்த அறையில் கைரியா மட்டும் இருந்தாள். கடைசி இரண்டு மாதம் தான் அந்த ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்பது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்த முள்ளைப் பிடுங்கி யார் மீதாவது குத்தினால்தான் மூச்சு வரும்போல இருந்தது. குத்தினார்.

"நீங்க பாத்த பார்வேலதான் உம்மா மௌத்தான. ஒரு வாகனத்தப் புடிச்சி ராவைக்கே கொண்டு போயீந்தா உம்மா இன்டைக்கி ஈப்பா. நீங்கதான் சாகடிச்ச."

கதவடியில் நின்ற ஆஸியா வாயைப் பொத்திக்கொண்டாள். கைரியா தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். "மொதல்ல உம்மாட மொகத்தப் பாருங்கோ தம்பி" என்று மட்டும் சொல்லி, துணியை விலக்கிவிட்டு வெளியே போனாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். தான் சொன்னது அநியாயம் என்று தெரிய பாரூக்குக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று இருந்தார். அங்கே ஆட்கள் அதிகம். பெருநாளில் பார்ப்போம் என்றார். பெருநாளும் வந்தது, போனது. நாள் போகப் போக வெட்கம் குட்டி போட்டுப் பெருகியது. சொன்ன அன்றே கேட்டிருந்தால் ஒரு வார்த்தை; ஒரு வருஷம் கழித்துக் கேட்பதென்றால் அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்தல்லவா காரணம் சொல்லவேண்டும்?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவன் கேட்டால் எந்த முஸ்லிமும் மாட்டேன் என்று சொல்லமாட்டான். ஊருக்கெல்லாம் சொல்லும் அதே வசனத்தைத் தாத்தாவுக்கும் சொல்லிவிடலாம், என்ன தப்பு என்று விரித்துச் சொல்லவேண்டியதில்லை. நல்ல கெட்டிக்காரத்தனம்! முறை வருமுன் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு டொலர் தட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஹஜ் தள்ளிப் போனபோது பாரூக் ஊருக்கு முன்னால் பெருமூச்சு விட்டார். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை அல்லாஹ் அறிவான்.

இப்போது முறை வந்தேவிட்டது. வீடு வீடாகப் பொருத்தம் கேட்ட அந்த வாரம், செவ்வாய்க்கிழமை, ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணி வாங்கக் கண்டிக்குப் போனார். துணி விற்கிறவருக்கே துணி வாங்கவேண்டிவந்தது என்று கடைக்காரர் பகிடி பண்ணினார். வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுப் பக்கமாக வந்தபோது, தோடம்பழக் கடையில் ஒரு குரல் சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கைரியா!

மெலிந்துபோயிருந்தாள். பழத்தை ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. பாரூக் ஒரு தூணோரம் ஒதுங்கினார். அவள் காசைக் கொடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தவள் தம்பியைக் கண்டாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அவரைப் பார்த்தாள். எதற்கு அந்த இடத்தை ஒழித்தாள் என்று பாரூக்குக்குத் தெரியாதா? நன்றாகத் தெரிந்தது.

"அம்பிட்டிய, அம்பிட்டிய!" என்று கொண்டக்டர் கூவினான். நாலெட்டு வைத்தால் பஸ். ஆனால் பாரூக்கின் புத்தி வேறு கணக்குப் போட்டது. வெறுங்கையோடா? வியர்த்து வழிய, பஸ்ஸுக்குள்ளே, நாலு பேர் பார்க்கவா கேட்பது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, குளித்து முழுகி, வெள்ளை ஜுப்பாவோடு, ஆஸியாவையும் கூட்டிக்கொண்டு, நல்லதாக ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு போனால்தானே மரியாதை? இன்னும் மூன்று நாள்தானே? பாதி உயர்ந்த கை தொப்பியைச் சரிசெய்வதுபோலத் தலைக்குப் போய்விட்டது. பஸ் புறப்பட்டது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அந்தச் சீட்டில் உட்காருவது தெரிந்தது. கடல் கடந்து மக்காவுக்குப் போகத் துணிந்த மனிதருக்கு அந்த நாலெட்டு வைக்கக் கால் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மென்று விழுங்கிச் சொன்னார். ஆஸியா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே போட்டாள்.

"யா அல்லாஹ்! கண்ட எடத்துல அந்தக் கையப் புடிச்சீந்தா முடிஞ்சி பெய்த்தீக்குமே! நீங்க என்ன மனிசன்?"

"ரோட்டுல கேக்கிற விஷயமா அது?"

"செல்லக்குள்ள மட்டும் எடம் பாத்தா சென்னீங்க? மையித்து ஈந்த அறேல வெச்சித்தானே சென்னீங்க. போனயாச்சும் எடுங்கோ, நானே நம்பரப் போட்டுத் தாறேன்."

"வெள்ளிக்கெழம போறோம். செல்லிட்டேன். வாய மூடிக்கிட்டு ஈ."

வியாழக்கிழமை காலை கடைக் கதவைத் திறக்கும்போது போன் வந்தது. கைரியாவின் மகன் ருஷ்தி.

"மாமா, உம்மா விடிய ஸுபஹ் தொழுதிட்டு முஸல்லாப் பாயிலயே சாஞ்சிட்டா. டொக்டர் வந்து பாத்தாரு. மௌத்தாகிட்டாவாம் மாமா."

கையிலிருந்த திறப்புக் கொத்து எங்கே விழுந்தது என்று பாரூக்குக்குத் தெரியாது. கடையை அப்படியே போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரர்தான் திரீவீலைப் பிடித்து அவரை ஏற்றி, வழியில் வீட்டிலிருந்து ஆஸியாவையும் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் ஆஸியா குர்ஆன் ஓதிக்கொண்டு வந்தாள். அவரை ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

அம்பிட்டிய வீட்டுக்கு ஏறும் படிகளில் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஏறினார். பெண்கள் விலகி வழி விட்டார்கள். உம்மா கிடந்த அதே அறையில் கைரியா வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். அவளுடைய மகள் சப்னா முகத்தைத் திறந்து காட்டினாள்.

"தாத்தா, நான் சென்னது பொய். நீங்க உம்மாவ நல்லாப் பாத்தீங்க. நான்தான் பாக்கல்ல. என்னப் பொருந்திக்கோங்கோ தாத்தா."

அவ்வளவுதான். எட்டு வருஷமாகத் தூக்க முடியாத பாரம் என்று நினைத்தது, ஒரே மூச்சில் சொல்லி முடியக்கூடியதாக இருந்தது. சொன்ன குரல் அழுகைக்குள் அமுங்கிப்போய், பக்கத்தில் நின்ற சப்னாவுக்குக்கூட ஒன்றும் விளங்கவில்லை. கூடப்பிறந்த பாசம் என்று நினைத்துப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். "அழாதீங்கோ மாமா, மையித்துக்கு மேல கண்ணீர் விழக்கூடாது" என்று சப்னாதான் அவரை நகர்த்திக் கொண்டுபோனாள். பாரூக் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் இப்படி ஒரு வெறுமையை அவர் அறிந்ததில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கைரியாவின் ஜனாஸாவை வைத்து, ஆண்கள் வரிசை கட்டினார்கள். தொழுவிக்குமுன் மையித்தின் சொந்தக்காரர் ஒருவர் முன்னே நின்று, இறந்தவருக்காக ஊரிடம் பொருத்தம் கேட்கவேண்டும். ருஷ்தி எழுந்து நின்றான். தடித்த, தாடி வைத்த ஆண்பிள்ளை. குரல் பச்சைப் பிள்ளையின் குரலாக உடைந்தது.

"எங்கட உம்மா யாருக்காவது தெரிஞ்சோ தெரியாமலோ தப்புச் செஞ்சீந்தா, யார்ட மனசயாவது நோகடிச்சீந்தா, அல்லாஹ்வுக்காக அவவப் பொருந்திக்கோங்கோ."

"பொருந்திக்கிட்டோம்" என்றது வரிசை முழுவதும். பாரூக்கின் உதடு அசையவில்லை. என்னவென்று அசையும்?

ருஷ்தி இடத்தைவிட்டு நகரவில்லை. முன்வரிசையில் நின்ற மாமாவையே பார்த்தான். பிறகு நேரே வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தான்.

"மாமா, நீங்க செல்லல்ல."

"மவன்..."

"உம்மும்மா மௌத்தான நேரம் நான் கட்டார்ல வேலேல. வந்து கேட்டேன், மாமா ஏன் வாறல்ல எண்டு. உம்மா வாயே தொறக்கல்ல. எத்தின தரம் கேட்டீப்பேன்! 'மாமாவப் பத்தி ஒண்டும் கேக்காத'ன்டு மட்டும் செல்லுவா. உம்மா ஏதோ பெரிய தப்புச் செஞ்சீக்கா எண்டு எனக்கு வெளங்கிச்சி. என்னவாயீந்தாலும் பரவாயில்ல மாமா. இப்ப பொருந்திக்கோங்கோ. கபுருக் குழிக்கி அத சொமந்துக்கிட்டுப் போக விடாதீங்கோ."

பாரூக் ருஷ்தியின் முகத்தையே பார்த்தார். தாத்தா சொல்லவில்லை! பெற்ற பிள்ளைகளிடம்கூடத் தம்பியின் வாயிலிருந்து வந்ததைச் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததால் குற்றவாளி அவளாகிவிட்டாள். தான் வாயைத் திறக்காததால் குற்றவாளி அவளாகவே இருக்கிறாள்.

"உங்கட உம்மா எனக்கு ஒண்டுமே செய்யல்ல மவன். நான்தான்..." என்றார். அதற்கு மேல் வெளியே வரவில்லை.

"பெரிய மனசு மாமா உங்களுக்கு. மறச்சிப் பேசாதீங்கோ." ருஷ்தியின் கண்ணீர் அவர் கைமேல் விழுந்தது. "ஒரு வார்த்த. பொருந்திக்கிட்டேன் எண்டு அந்த ஒரு வார்த்தய மட்டும் செல்லுங்கோ, எனக்கு நிம்மதியாப் போகும்."

இமாம் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பொழுது சாய்கிறது, மையவாடியில் குழி தயாராக இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரு மனிதனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளையோ கையை விடுகிறான் இல்லை.

"பொருந்திக்கிட்டேன்" என்றார் பாரூக்.

ருஷ்தி குனிந்து அவர் கையை முத்தமிட்டான். "அல்லாஹ் உங்கட ஹஜ்ஜ ஏத்துக்கொள்ளட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றான். இமாம் தக்பீர் சொன்னார். பாரூக்கும் கையைக் கட்டிக்கொண்டார்.