கண்ணாடிக்குப் பின்னால்

சகல இலக்கிய அன்பர்களுக்கும் இதனால் அறிவிப்பது: 1913 மார்ச் பதினோராம் தேதி, ஹாலே நகரத்தின் மூன்றாம் மாடி வீடொன்றிலிருந்து ஜெர்மன் இலக்கியம் சினிமாவுக்குள் காலடி எடுத்து வைத்தது. வைத்தபோது கால் வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லை.

"பரவாயில்ல, கால் படத்துல விழாது" என்றான் காமிராக்காரன் லோபே.

கால், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் லெபரெக்ட் க்வாண்டுடையது. ஆயுளில் அவர் எழுதிய ஒரே குறுநாவலை பெர்லின் கம்பெனி ஒன்று படமாக்கியிருந்தது. கதையில் ஆற்றில் விழுந்து சாகும் சுங்கக்காரன், படத்தில் நீந்திக் கரையேறிக் கல்யாணம் செய்துகொள்கிறான். க்வாண்ட் அதற்கும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: படம் தொடங்குமுன் கதாசிரியர் மேஜை முன் அமர்ந்து எழுதுவதைக் காட்ட வேண்டும்.

படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஹெட்விக் அவரை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டினாள்.

"முடியலைன்னா சொல்லுங்கப்பா. இன்னொரு நாள் வரச் சொல்லலாம்."

"இன்னொரு நாளா? எமன்கிட்ட நீ தேதி வாங்கி வச்சிருக்கியா? மீசையச் சீவி விடுடி."

வெளிச்சம் போதவில்லை. லோபே அலமாரிக் கதவின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலருகே ஹெட்விக்கைப் பிடிக்கச் சொன்னான். வெயில் அதில் பட்டு அப்பாவின் முகத்தில் விழுந்தது. பின்னால் நின்றவளுக்குத் தெரிந்தது கண்ணாடியின் முதுகுப் பலகையும் கொஞ்சம் ஒட்டடையும்தான்.

"எழுதுங்கய்யா... போதும், இப்ப நேரா இங்க பாருங்க. ஆகா!"

காமிராவின் கைப்பிடி கடகடவென்று சுற்றியது.

"நல்லாருக்கேனா?" என்றது அப்பாவின் குரல்.

பேனா தரையில் உருண்டது.

"அப்பா?"

கைப்பிடி நிற்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை உடனே மூட வேண்டும்; இல்லாவிட்டால் உயிர் அதில் மாட்டிக்கொள்ளும். ஹெட்விக் அதைச் சாய்க்கப் போனாள்.

"அசையாதீங்கம்மா! இன்னும் பத்து மீட்டர் ஃபிலிம் இருக்கு. என்னமா பாக்கறாரு! உங்களையே பாக்கற மாதிரி இருக்கு. கொட்டகையில பாத்துக்கலாம்."

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணாடியை இறக்கி வைப்பதற்குள் லோபே பெரியவரின் கண்களை மூடிவிட்டிருந்தான். மரியாதை தெரிந்தவன்.

அடக்கத்தன்று எல்லோரும் அழுதார்கள். ஹெட்விக் அழவில்லை. அவளுக்கு இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருந்தது.

மே மாதம் படம் ஊருக்கு வந்தது. மறுநாள் கறுப்பு உடையில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பாலம். பாலத்தில் சுங்கக்காரன் பீர் குடித்தான்.

எழுந்து கதவருகே நின்ற கொட்டகைக்காரரிடம் போனாள்.

"ஆரம்பத்துல ஒரு பெரியவர் வருவாரே?"

"அந்தக் கிழவரா? ஒரே இழுவைம்மா. சனங்க கொட்டாவி விட்டுச்சு, முதல் நாளே வெட்டி அடுப்புல போட்டாச்சு. போய் உக்காருங்க, கல்யாணக் காட்சிதான் பிரமாதம்."

போய் உட்கார்ந்தாள்.

கல்யாணக் காட்சி நன்றாகத்தான் இருந்தது.