ஈரம் பட்ட கட்டு

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கெத்தரினுக்கு அன்று வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை. பத்து மாதக் குழந்தை ஷெரோமியைக் குளிப்பாட்ட அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். கொதித்த பானையை இறக்கும்போது கைத்துணி வழுக்கிவிட்டது. வலது கையிலும் விலாவிலும் தொடையிலும் வெந்நீர் கொட்டியது. குழந்தை முன்னறையில் இருந்ததால் தப்பியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பற்பசையைப் பூசினார்கள். கணவன் ரஜீவ் ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவள் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைக்கு இன்னும் பால் குடுக்கலங்க. குளிப்பாட்டிட்டு குடுப்போம்னு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் பற்பசையைக் கழுவி எடுக்கவே வெகு நேரமானது. பிறகு மர்வா என்ற தாதி காயங்களின் மேல் சாம்பல் நிறத் துணி ஒன்றை அளவாக வெட்டி வைத்துக் கட்டினாள். மாத்தளை டவுன்காரி. நாற்பது வயதிருக்கும்.

"தோல் போன எடத்தால கிருமி லேசா உள்ளுக்குப் போயிரும் தங்கச்சி. இந்தத் துணியில வெள்ளி சேர்ந்திருக்கு. அது கிருமிய வளர விடாது. நாலஞ்சு நாளைக்கு அவுக்கத் தேவல்ல. ஆனா மேலால நனைஞ்சா, கழண்டா, மணம் வந்தா ஒடனே எனக்குச் சொல்லணும்."

"பிள்ளைய எப்ப பாக்கலாம் மிஸ்?"

"வார்டுக்குள்ள சின்னப் புள்ளைகள விட ஏலாது. ஒங்களுக்கும் கூடாது, புள்ளைக்கும் கூடாது. நல்லா ஆறினா ரெண்டு கிழமையில டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

ரெண்டு கிழமை. பதினான்கு நாள். ஷெரோமியைப் பெற்ற நாளிலிருந்து ஓர் இரவுகூட அவளைப் பிரிந்து படுத்ததில்லை.

குழந்தையை ரஜீவின் அக்கா ரஜிதா பார்த்துக்கொண்டாள். ரஜீவ் வரும்போதெல்லாம் போனில் எடுத்த வீடியோக்களைக் காட்டுவான். ஷெரோமி சுவரைப் பிடித்து நிற்கிறாள். ரஜிதாவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். ஒன்றில் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதை மட்டும் கெத்தரின் மறுபடி பார்க்கவில்லை.

வலியை அவள் பல்லைக் கடித்துத் தாங்கினாள். அடக்க முடியாமல் போனது பால்தான். தாழ்வாரத்துக்கு அப்பால் குழந்தைகள் வார்டு. அங்கே எந்தப் பிள்ளை அழுதாலும் இவளுக்கு மார்பு கனத்துச் சுரந்தது. சட்டைக்குள் துணியைத் திணித்து வைத்தாள். அதையும் மீறி வலது பக்கத்தால் வழிந்து, விலாவில் இருந்த கட்டின் ஓரத்தை நனைத்தது.

முதல் தரம் நனைந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தாள். அன்று காலைதான் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, காயம் சுத்தமாக இருக்கிறது, இப்படியே போனால் அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் புதுக் கட்டுப் போட வைத்திருந்தார். இதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை தள்ளிப்போகும் என்று பயந்தாள். ஆம்பிளை டொக்டரிடம் போய் இதைச் சொல்வார்களே என்ற வெட்கமும் இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மர்வா வந்து, "கட்டு எப்படி?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கு மிஸ்" என்றாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் பின்னேரம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மர்வா போர்வையை நீக்கிய உடனேயே மணம் தெரிந்தது. கட்டை அவிழ்த்தாள். விலாக் காயத்தில் பச்சை நிறத்தில் சீழ் பிடித்திருந்தது. துணியின் ஓரம் ஈரத்தில் ஊறி, தோலைவிட்டுக் கழன்று கிடந்தது.

டொக்டர் வந்தார். சீழைப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்பினார்கள். காயத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். கெத்தரின் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் முடிந்து புதுக் கட்டுப் போட்ட பிறகு மர்வா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பால் வருதுன்னு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வெள்ளிக்கிழம விடமாட்டீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

"நானும் கேட்டிருக்கணும்," என்றாள் மர்வா. "கைப்புள்ள இருக்கிற தாய்னு தெரியும். காயத்த மட்டும் பாத்துட்டேன்."

"இப்ப எப்ப போகலாம்?"

"இன்னும் ரெண்டு கிழம ஆகும். கூடவும் ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

கெத்தரின் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மர்வா டொக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். போடுகிற ஊசி மருந்தால் பாலுக்குக் கெடுதி இல்லை, குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றாள். அவித்தெடுத்த கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து, இடது கையால் பீச்சுவது எப்படி என்று காட்டினாள். பாலை உறிஞ்சும் மடிப்புத் துணி ஒன்றை மார்புக்கும் கட்டுக்கும் நடுவே வைத்து ஒட்டினாள். அதற்குப் பிறகு கட்டு நனையவில்லை.

பகல் பார்வையாளர் நேரத்துக்கு ரஜீவ் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு வந்தான். பாலை ஊற்றிய போத்தலை அதற்குள் வைத்து இறுக்கி மூடினான்.

"பஸ்ஸுல ஆட்டாமக் கொண்டு போங்க," என்றாள் கெத்தரின்.

"மடியில வச்சுக்கிறேன்."

அவன் போனதும் அவள் ஜன்னலருகே போய் நின்றாள். பிளாஸ்க்கை அணைத்துப் பிடித்தபடி ரஜீவ் பாதையைக் கடந்து பஸ் ஏறினான். இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் அந்தப் பால் வீட்டில் இருக்கும். ஷெரோமியின் வாய்க்குள் போய்விடும். தன் உடம்பிலிருந்து வந்த பால் மீதே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பஸ் மறைந்த பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

அடுத்த நாள் ரஜீவ் ஒரு வீடியோ கொண்டுவந்தான். ரஜிதா அந்தப் பாலைக் கரண்டியால் ஊட்டுகிறாள். முதல் கரண்டியை ஷெரோமி துப்பிவிட்டாள். இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சு," என்றான் ரஜீவ்.

குழந்தை வாய் திறக்கும்போதெல்லாம் கெத்தரினின் வாயும் தானாகத் திறந்தது.

அதற்குப் பிறகு கட்டுத் துணியில் ஏதாவது சிறு மாற்றம் தெரிந்தாலும் அவளே மர்வாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். பச்சை நிறம் போனது. சிவப்புச் சதை வளர்ந்தது. ஓரங்களிலிருந்து மெல்லிய ரோஸ் நிறத் தோல் மூடத் தொடங்கியது. இருபத்தேழாம் நாள் டிக்கட் வெட்டினார்கள்.

வீட்டுக்குப் போனபோது ஷெரோமி சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். துணி சுற்றிய கையைப் பார்த்தாள். திரும்பிப் போய் ரஜிதாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட போடி," என்று ரஜிதா தள்ளிவிடப் பார்த்தாள்.

"வேணாம் மதினி. விடுங்க," என்றாள் கெத்தரின்.

அன்று முழுவதும் குழந்தை தூரத்திலேயே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலை கெத்தரின் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷெரோமி சுவரை விட்டுக் கையை எடுத்தாள். ஆடி ஆடி நான்கு அடி வைத்து, அம்மாவின் வலது தொடை மேல் பொத்தென்று விழுந்தாள். புதுத் தோலில் நெருப்பு வைத்தது போல் எரிந்தது. கெத்தரின் சத்தம் போடவில்லை. காலையும் இழுக்கவில்லை. குழந்தை சட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி மார்பைத் தேடியது.

கெத்தரின் இடது கையால் அவளை அணைத்துக்கொண்டாள்.