நூல் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

என் காருக்கு ஐம்பது வயது, எனக்கு நாற்பத்தாறு. நர்ஸ் வேலைக்கு அதில்தான் போய்வருகிறேன். சில மாதங்களாக அது நண்டு போல ஒருக்களித்து ஓடியது. பின்பக்க இடது டயர் உள்ளோரத்தில் மட்டும் மொட்டையாகிவிட்டது. பட்டறைக்காரர் தன் மெஷின் புது வண்டிகளுக்குத்தான் ஒத்துவரும் என்று கையை விரித்துவிட்டார்.

நாமே பார்த்துவிடலாம் என்று கையேட்டை எடுத்தேன். பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகளைச் செருகினாலோ உருவினாலோ சக்கரம் பார்க்கும் திசை மாறும். ஷெட்டில் நான்கு ஸ்டூல் போட்டு, காரின் இரு பக்கமும் நூல் கட்டி, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். சனிக்கிழமை முழுக்கத் தகடு மாற்றி முதுகு விட்டுப்போனது. ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசம். என் கணவர் தங்கமான மனிதர். ஸ்பேனரைக் கண்டால் மட்டும் அவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

ஞாயிறு காலை அவர் தங்கை வந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். என் சீருடையைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். காருக்கடியில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்தாள்.

"நூலை எதை வச்சுக் கட்டினீங்க அண்ணி?"

"ரெண்டு பம்பரையும் வச்சுத்தான்."

"முன் பம்பர் அடிபட்டு நிமித்தினதுதானே? கிழிஞ்சு தைச்ச ஓரத்துல இருந்து யாராவது அளவெடுப்பாங்களா? நடுவைப் பிடிங்க."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று முழுக்கக் கோணல் நூலுக்கு வண்டியை ஒத்துப்போக வைத்திருக்கிறேன்.

கழுத்திலிருந்த டேப்பை அவளே உருவினாள். சக்கரங்களின் மையத்திலிருந்து இடமும் வலமும் சமமாக இருக்கும்படி நூலை மாற்றிக் கட்டினோம். பழைய நூலுக்கும் இதற்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். அதன்பின் தகடு மாற்றும்போது என் விரல் நுழையாத இடுக்கில் அவள் விரல் நுழைந்தது. ஒவ்வொரு முறையும் ஜாக்கியை இறக்கி, சக்கரம் படிந்து உட்கார வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி அளந்தோம். ஐந்தாவது முறை இரு பக்கமும் கையேடு சொன்ன அளவுக்கே வந்தது.

அவளையும் ஏற்றிக்கொண்டு போய், நேரான சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். கார் நூல் பிடித்தாற்போல் போனது.

"நீ மட்டும் வரலைன்னா..."

"ரோட்டைப் பாருங்க அண்ணி." கன்னத்தில் கிரீஸோடு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தன் கடையில் இறக்கிவிடச் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டிய பள்ளிச் சட்டைகள், பட்டன் இல்லாமல் குவிந்து கிடந்தன. அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், பகல் முழுக்க என்னோடு இருந்திருக்கிறாள்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எதிரே உட்கார்ந்து, "ஊசியைக் குடு," என்றேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

நான் தைத்த முதல் பட்டனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் பிரித்துத் தானே தைத்தாள். அதிலிருந்து பட்டன் எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் எனக்கு. கடைசிச் சட்டை வரை சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன்.