அரம் போட்ட இடம்

இரும்புத் தூள் மணிக்கட்டில் உதிர்கிறது, அசையாமப் புடி என்கிறான் தெய்வசிகாமணி, கலாமணி பிடித்திருக்கிறாள், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கூண்டை, இரண்டு கையாலும், இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு முன்னும் பின்னும் போய்வர அந்த அதிர்வு முழங்கை வழியாக ஏறிப் பல்லில் கூசுகிறது, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடலாம் போலிருக்கிறது, ஆனால் கையை எடுத்தால் பிளேடு முறிந்துவிடும், அறுப்பது அவள் புருஷன், அறுபடுவது அவள் அப்பா வெல்டிங்கில் பத்தவைத்தது, இப்போது நினைக்கும்போது இதில் எது அன்றைக்கு நடந்தது எது அப்புறம் கனவில் வந்தது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, கனவிலும் அவன் கேட்கிறான், கை வலிக்குதா புள்ள, கனவிலும் அவள் சொல்கிறாள், இல்லீங்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை மகளைப் பார்க்க வந்த நாச்சிமுத்து, பலகாரக் கூடையை இறக்கி வைத்ததும் மாட்டுக்கொட்டகைக்குத்தான் போனார், காங்கயம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் கண் இரும்பின் மேல்தான் விழும், மோட்டாரைப் போடச் சொல்லிப் பார்த்தார், சோளத்தட்டைக் கவ்வி இழுக்கிற பல் உருளைகளுக்கும் தட்டைத் தள்ளுகிற கைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, யாரு சாமி தட்டுப் போடறது என்று கேட்டார், நாந்தானுங்ப்பா என்றாள், அடுத்த வாரமே கை எட்டாத நீளத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு செய்து கொண்டுவந்து மெஷினின் வாயில் நாலு மூலையிலும் பத்தவைத்துவிட்டுப் போனார். மாமியார் ருக்குமணி அவர் பஸ் ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை, ஏறிய பிறகு மூடவில்லை, துண்டுத்தட்டு கூண்டுக்குள் அடைத்துக்கொள்கிறது, குச்சியால் குத்தி எடுப்பதற்குள் மாடுகள் கத்துகின்றன, அதுகூடப் பரவாயில்லை, எம்பட ஊட்ல அவன் மகளச் சாவடிச்சுப் போடுவோம்னுல்ல கூண்டு கட்டிட்டுப் போயிருக்கறான், பட்டறைக்காரன் புத்தி, இத நீ எடுக்கறயா நான் சோறு திங்கறத உடட்டுமா என்று மகன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டாள். தெய்வசிகாமணி அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தவர்கள், வெளியே கொண்டுபோனால் அவர் காதுக்குப் போய்விடும், அதனால் வீட்டிலிருந்த ஆக்ஸா பிளேடையும் உளியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான், பெண்டாட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

பத்தவைத்த இடம் இரும்பைவிடக் கெட்டி, பிளேடு வழுக்குகிறது, முதலில் அரத்தால் ஒரு தடம் கீறி, அந்தத் தடத்தில் பிளேடை வைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெதுவாக அறுக்கிறான், பாதி அறுபட்டதும் உளியை வைத்துச் சுத்தியலால் போடுகிறான், ஒவ்வொரு மூலையாக அப்பாவின் வேலை விட்டுக்கொடுக்கிறது, கடைசி மூலை விட்டபோது கூண்டின் பாரம் முழுக்க அவள் கையில் இறங்கியது, வாசலிலிருந்து ருக்குமணி, உங்கப்பன் நல்லாத்தான் பத்த வெச்சிருக்கறான் என்று சிரித்தாள், கலாமணியும் சிரித்தாள், ஏன் சிரித்தோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்புறமும் அவன் எழுந்திருக்கவில்லை, நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான், பிசிறு உன்ர சீலைல மாட்டிக்கும் புள்ள என்றான், விரலால் தடவிப் பார்த்து மறுபடி ராவினான், அத்தனை பிரியமாக அவன் அவளுக்கு வேறெதையும் செய்ததில்லை.

மழை பெய்து தட்டு ஈரமாக இருந்த ஒரு காலையில் ஒரு கொத்து சிக்கி நின்றது, உள்ளே தள்ளினாள், உருளை தட்டைக் கவ்வியது, கூடவே கையையும் கவ்வியது, வலி உடனே வரவில்லை, முதலில் வந்தது ருக்குமணியின் சத்தம்தான், மோட்டார நிறுத்துடா, தட்டெல்லாம் ரத்தமாகுது. வலது கையில் மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த நாச்சிமுத்துவிடம் ருக்குமணியே முந்திக்கொண்டாள், நீங்க பத்த வெச்சது உட்டுப்போச்சுங் சம்பந்தி, கூண்டு கழண்டு உழுந்துருச்சு, அதான் இப்படி ஆயிப்போச்சு. அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், தெய்வசிகாமணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், மயக்க மருந்தின் பாதி உறக்கத்தில் கலாமணிக்கு நாக்கு புரளவில்லை, அப்பா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்கிறது.

கட்டோடு அவள் வீடு திரும்பிய மறுவாரம் அவர் வந்தார், நேரே மெஷினிடம் போனார், உட்டுப்போன வெல்டிங் உடைந்த பல்லைப்போலப் பிசிறோடு நிற்க வேண்டும், அவர் கட்டைவிரல் நாலு மூலையையும் தடவியது, நாலும் வழவழவென்றிருந்தன, அரத்தின் கீறல் தட்டுப்பட்ட ஒரு மூலையில் மட்டும் விரல் கொஞ்சநேரம் நின்றது. பின்னால் போய் நின்ற கலாமணி, அது உட்டுப்போகலீங்ப்பா, அறுத்தாங்க, நாந்தான் புடிச்சேன் என்றாள். தெரியுது சாமி என்றார் திரும்பாமலே, எங்கிட்டச் சொன்னதோட உட்ரு. என்னையக் கூட்டிட்டுப் போயிருங்ப்பா. அவர் அவளுடைய கட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உனக்குக் கீழ ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கறா கண்ணு என்றார், அப்புறம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் ருக்குமணிக்கு எதிரில் நின்று கும்பிட்டார், எம்பட வேலதானுங் தப்பாப்போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க. உடுங்க சம்பந்தி, தெரிஞ்சா செஞ்சீங்க, மோர் குடிங்க என்றாள் ருக்குமணி. அவர் குடித்தார், தாகமாக இருந்ததோ என்னவோ, இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார், அத்தனை நாளும் தலை நிமிராதிருந்த தெய்வசிகாமணி அப்போதுதான் நிமிர்ந்து, உக்காருங்க மாமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சுங் மாப்ள என்று படியிறங்கினார், கதவோரம் நின்ற மகளைப் பார்க்கவில்லை, ருக்குமணியைப் பார்த்துத்தான் சொன்னார், எடது கையில கொஞ்சம் பழக்கியுட்டா எல்லா வேலையும் செஞ்சுருவாளுங், சின்னதுலருந்தே கெட்டிக்காரி.