பதிவேட்டில் பத்துப் பேர்

வங்காளத் தலைநகரின் லேக் கார்டன்ஸ் பகுதியில் சுலோசனா வீட்டு முன்னறையில் 1991 நவம்பரில் பதினோரு பேராகத் தொடங்கிய தமிழ் பாப்டிஸ்ட் சபை, 2006-ல் நியூ டவுனில் இரண்டாயிரம் நாற்காலி போட்ட மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளிக்கூட ஹால். பிறகு வங்காளி ஆராதனை, இந்தி ஆராதனை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லாமல் வாசலில் சண்டைகூட நடக்கும். சுலோசனாவுக்கு அந்தச் சண்டையைப் பார்க்கவும் பிடிக்கும்.

பதினைந்தாம் ஆண்டு மலருக்குச் சபை வரலாறு எழுதியவர் செயலர் மாரியப்பன். ஒரு சனிக்கிழமை மாலை அவர் சுலோசனா வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, ஆரம்பத்துல இருந்த பதினோரு பேர்ல பத்துப் பேர்தான் உறுப்பினர் பதிவேட்ல இருக்காங்க. உங்க பேரு இல்ல.”

“எப்படி இருக்கும்? நான் முழுக்கு எடுக்கலையே. சின்னப் பிள்ளையில எங்க ஊரு நாசரேத்துல தண்ணி தெளிச்சதோட சரி. உங்களுக்குத்தான் அது செல்லாதுல்லா.”

வளர்ந்த பிறகு, தாமாக முன்வந்து, தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம், அதாவது முழுக்கு, எடுத்தவர்களே அந்தச் சபையில் உறுப்பினர். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று பாஸ்டர் முதல் வாரமே சொல்லிவிட்டார். சோனார்பூர் குளத்தில் நடந்த முதல் முழுக்கிலிருந்து, கரையேறுகிறவர்களுக்குத் துண்டு நீட்டுவது சுலோசனாதான். அவள் எப்போதோ எடுத்துவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“ஏங்க்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்டீங்களா? எங்க ஊர்ல பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம். அந்த ஐயரே வீடு தேடி வந்து, திடப்படுத்தலுக்கு, அதான் சபையில முழுசா சேர்க்குறதுக்கு, பிள்ளைங்க பேரை எழுதிட்டுப் போவாங்க. கூப்பிடாம நான் எப்படிப் போய் நிக்க?”

“யாரா இருந்தாலும் தானா வரட்டும்னு நாங்க இருந்தோம்.”

“நல்லா இருந்தீங்க, பதினஞ்சு வருஷம்.”

சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் தன் வீட்டில் பிறந்த சபையின் வரலாற்றில் தன் பெயர் இருக்காதோ என்ற பயமும் இருந்தது.

“நாளைக்கே முழுக்கு இருக்கு. வந்துருங்க, அச்சகத்துல ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்றேன்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுத்துத் தலையாட்டினாள்.

“வேண்டாம். அச்சுல பேர் வரணும்னு கிழவி தண்ணியில இறங்கிட்டாம்பா என் மருமக தாரா. உள்ளதை உள்ளபடி எழுதுங்க.”

‘முதல் ஆராதனைக்கு வீடு கொடுத்தவர் சுலோசனா. இன்றுவரை முழுக்கு எடுக்கவில்லை’ என்று மாரியப்பன் எழுதினார். பாஸ்டர் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

“இப்படியா போடுறது?”

“பதிவேடு அப்படித்தான் சொல்லுது பாஸ்டர்.”

மலர் வெளியான ஞாயிறு, மண்டபத்தில் ஒரே முணுமுணுப்பு. தமிழ் தெரியாதவர்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் படித்துச் சொன்னார்கள். ஒரு வங்காளிப் பெண் ஓடிவந்து, “மாஷிமா, ஷோத்தி?” என்று சித்தி முறை வைத்துக் கேட்டாள்.

“உண்மைதான்மா, ஷோத்தி” என்றாள் சுலோசனா. வெட்கமாக இல்லை; பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மாரியப்பனிடம் போனாள்.

“அடுத்த மாச முழுக்குக்கு என் பேரை எழுதிக்கிடுங்க.”

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா?”

“அன்னைக்குன்னா பேருக்காக. இப்பதான் பேர் வந்தாச்சே.”

அவர் பேனாவைத் திறந்தார்.

“டிசம்பர் குளிரு. முழுக்குத் தொட்டியில வெந்நீர் விடுவீங்கல்லா?” என்று கேட்டாள் சுலோசனா.